பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வயதை மெய்ப்பிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். உதவித்தொகை, வைப்புநிதி, விபத்து இழப்பீடு, பள்ளிச் சேர்க்கை என்று எந்த வேலையாக வந்தவரானாலும், "பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம்?" என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார். வீட்டில் பிறந்தவர்கள், பதிவு செய்யப்பட்டும் அதை அறியாதவர்கள், பதிவு இருந்தும் சான்றைத் தொலைத்தவர்கள் எனப் பலரும் ஒரே ஐயங்களைக் கேட்பதால், விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன்.

கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு அலுவலகம். ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிரசவத்துக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆகவே இரு பக்கத்து நடைமுறைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

"எனக்கு பர்த் சர்டிபிகேட்டே கிடையாதுங்க. அது இல்லாம வயசை நிரூபிக்கவே முடியாதா?"

முடியும். பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. 2023-இல் அதில் ஒரு திருத்தம் வந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

அதற்கு முன் பிறந்தவர்களை இந்தக் கட்டாயம் தொடாது. செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "இனிமேல் பென்ஷன் நின்றுவிடுமாமே" என்று அழுதுகொண்டே வந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அச்சம் தேவையில்லை. அவர்களுக்குப் பள்ளிச் சான்று முதலான பிற ஆவணங்கள் இப்போதும் செல்லும்.

"ஆதார்லதான் பிறந்த தேதி போட்டிருக்கே, அதைக் காட்டினா போதாதா?"

ஆதார் நீங்கள் இன்னார் என்பதைக் காட்டும் அட்டை. அதிலுள்ள தேதி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பதிவு முகாமில் சான்று காட்டியவருக்குச் சான்றில் இருந்த தேதி ஏறியது. இல்லாதவருக்கு அவர் வாயால் சொன்ன வயதைக் கழித்து ஆண்டு போடப்பட்டது. எத்தனையோ அட்டைகளில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருப்பதற்கும், பழைய அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. இறந்தவருக்கு ஆதார்படி வயது 47, பள்ளிச் சான்றின்படி 45. இந்த இரண்டு வயது வேறுபாட்டால் இழப்பீட்டைக் கணக்கிடும் பெருக்கல் எண் 13-ஆ 14-ஆ என்பதே மாறியது. நீதிமன்றம் பள்ளிச் சான்றை ஏற்றது. அதே ஆண்டு ஜனவரியில் தொழிலாளர் வருங்கால வைப்புநிதி நிறுவனமும் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. நடைமுறையில் சில அலுவலகங்கள் ஆதாரைப் பார்த்தே வேலையை முடித்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் யாராவது மறுத்துப் பேசத் தொடங்கினால் ஆதார் உங்களுக்குத் துணை நிற்காது.

"என்னை வீட்லதான் பெத்தாங்க, பதிவே பண்ணலைன்னு அம்மா சொல்றாங்க. அப்புறம் எதுக்குத் தேடணும்?"

கட்டாயம் தேட வேண்டும். பெற்றவர்கள் போய்ப் பதியவில்லை என்பதால் பதிவே இல்லை என்று ஆகிவிடாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே, 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப்படி ஊர்களில் பிறப்பு, இறப்புகள் எழுதப்பட்டு வந்தன. கிராம முன்சீப் இருந்த காலத்தில் வெட்டியான், தலையாரி சொல்லக் கேட்டும், மருத்துவச்சி வந்து சொல்லியும் அவர் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடுவார். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. பழைய கிராமப் பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய இரண்டிலும் கேட்க வேண்டும். 1993 வரை இது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்ததால் பழைய தாள்களில் அந்தப் பெயரே இருக்கும். அதைப் பிழை என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

தேடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, தகப்பனாரின் ஊரில் மட்டும் தேடுவது. பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் ஆகாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம். ஆகையால் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் முதலில் அம்மாவைப் பெற்ற ஊரில் தேட வேண்டும். குறிஞ்சிப்பாடியில் வாழ்பவரின் பதிவு பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது தவறு, தம் பெயரைத் தேடுவது. பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு என்று மட்டும் மைப்பேனாவில் எழுதியிருக்கும்; பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். ஆகவே தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் வைத்துத் தேடுங்கள். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றும் பத்திரத்தில் வேறொன்றும் இருந்தால் இரண்டையும் மனுவில் எழுதுங்கள். உத்தேசமான ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகள் சேர்த்துத் தேடக் கோருவது நல்லது.

"எங்க ஊர் கடலூர் பக்கம். ஆனா பிறந்தது ஜிப்மர்ல. எங்க போய் கேக்கறது?"

பிறப்பு நிகழ்ந்த இடம் என்ற விதியே இங்கும். ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே அந்த நகராட்சியில் கேட்க வேண்டும். கடலூரில் எத்தனை முறை மனு கொடுத்தாலும் "பதிவு இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்பி, பிறப்பே பதிவாகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரண்டு நகராட்சிகளும், அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்தில் இரு மாநிலத்து நிலமும் பின்னிக் கிடப்பதால், பிறந்த வீடு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போவது இரண்டு நடையை மிச்சப்படுத்தும்.

"பதிவு கிடைச்சிடுச்சு. ஆனா பேரே இல்லையே, அது செல்லுமா?"

பிறப்பு நடந்ததற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் அந்தக் குழந்தை நீங்கள்தான் என்பதை வேறு ஆவணம் காட்ட வேண்டும். சட்டத்தின் 14-ஆம் பிரிவு பெயரைப் பின்னர் சேர்க்க இடம் தருகிறது. பதிவான 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். 15 ஆண்டுகள் கடந்தவர்களுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு அளித்திருக்கிறது. நீட்டிப்பு இருக்கும்போது தவறவிடாமல் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நீட்டிப்பு இல்லாத காலத்தில் பெயரில்லாப் பதிவையும் பள்ளிச் சான்றையும் சேர்த்து வைத்தே காட்ட வேண்டியிருக்கும்.

"ஆயா பிரெஞ்சுக்காரன் காலத்துல பாண்டியில பொறந்தவங்க. அப்ப ஏது சர்டிபிகேட்டு?"

அவருக்குத்தான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிரெஞ்சு இந்தியாவில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 'எத்தா சிவில்' பதிவேடுகளில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வந்தார்கள். பழைய தலைமுறை 'மேரி' என்று சொல்லும் நகராட்சியிலும் கொம்யூன்களிலும் அந்த வழக்கம் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது.

அந்தப் பதிவைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். எண்ணில் தேதி போடாமல், "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டு" என்பது போல முழுவதையும் பிரெஞ்சுச் சொற்களால் கூட்டெழுத்தில் எழுதியிருப்பார்கள். முதலில் வருவது பதிவு செய்த நாள். குழந்தை பிறந்த நாள் அதற்குக் கீழே, செய்தி சொன்னவரின் வாக்குமூலத்துக்குள் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான தேதியை எடுத்தவர்கள் உண்டு. பெயர்களும் பிரெஞ்சு ஒலிக்கேற்ப எழுதப்பட்டிருப்பதால் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலோடு பொருந்தா. மொழிபெயர்ப்பாளரிடம் முறையான தமிழ் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற்று மூலத்தின் நகலோடு இணையுங்கள்.

"எல்லா இடத்துலயும் தேடியாச்சு, இல்லைன்னுட்டாங்க. இப்ப என்ன செய்யறது?"

முதலில், "இல்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவு கிடைக்கவில்லை என்பதற்குத் தனிச் சான்று உண்டு. கவுண்டரில் வாயால் சொன்னதை வேறெந்த அலுவலகமும் ஏற்காது. அந்தச் சான்றுதான் அடுத்த படிக்கு வாசல்.

பிறந்து ஓராண்டு கடந்த பிறகு பதிவு செய்வதற்குச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நடுவரின் ஆணை வேண்டும். மூலச் சட்டத்தில் இந்த அதிகாரம் முதல் வகுப்பு நடுவரிடம் இருந்தது. 2023 திருத்தத்துக்குப் பின் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அல்லது மாவட்ட நடுவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவர் என்று ஆகியிருக்கிறது. நம் பேச்சில் சொன்னால், கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய கோட்டங்களில் தம் பிறந்த ஊர் அடங்கிய கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிறந்தவர் அங்குள்ள வருவாய்த் துறை உட்கோட்ட நடுவரிடம் கொடுக்க வேண்டும்.

மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியாக விசாரணைக்குப் போய்த் திரும்பும். விசாரணை நாளில் பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவர் உடனிருந்தால் நலம்: பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என யாராயினும் சரி. ஆணை வந்ததோடு வேலை முடிந்ததென்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். அதைப் பதிவாளரிடம் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றிய பின்தான் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும்.

"கையில நாலஞ்சு காகிதம் இருக்கு. எதை வைக்கறது, எதை விடறது?"

என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எல்லாவற்றிலும் பழையது எது என்று பாருங்கள். எந்தச் சலுகையும் எதிர்பார்க்காத காலத்தில், தம் கடமையாக ஒருவர் எழுதி வைத்த வரிக்குத்தான் வலு. அறுபது வயதில் உதவித்தொகைக்காக எடுத்த தாளைவிட, ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் தலைமையாசிரியர் எழுதிய வரி மேலானது. பிரசவ அறைப் பதிவேட்டு நகல், மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் ஆகியவையும் இந்த வகை. கடலூர், புதுச்சேரியின் பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானத் தேதியோடு பிறந்த தேதியையும் குறித்திருப்பார்கள்.

பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் நாட்டில் பெரும்பாலான அலுவலகங்கள் ஏற்கும் ஆவணங்கள். ஆனாலும் வழக்கு என்று வந்தால், பள்ளிப் பதிவேட்டில் தேதி இருப்பது மட்டும் போதாது, அதைச் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்பதும் தெரிய வேண்டும் என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே தகப்பனாரே சேர்த்தாரா, வேறு யாராவது கொண்டுபோய் விட்டார்களா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் துணை ஆவணங்கள். கூடப் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றுகளையும் இணைக்கச் சொல்கிறேன். ஆனால் இணைக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனுவில் அக்காவின் பிறந்த தேதிக்கும் தம்பியின் பிறந்த தேதிக்கும் இடையில் ஐந்து மாதம்தான் இருந்தது. தம்பிக்கு எழுதியிருந்தது பள்ளியில் போட்ட தேதி. அதைக் கவனிக்காமல் அனுப்பியதால் மனு திரும்பி வந்தது, அக்காவின் தேதியும் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்த மனுவை எழுதியவன் நான்தான். அன்றிலிருந்து குடும்பத்தில் எல்லோருடைய தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்காமல் எந்த மனுவையும் தொடுவதில்லை.

"ஸ்கூல்ல வாத்தியார் போட்ட தேதி, நெசமான தேதி இல்லைங்க. எதை வெச்சுக்கறது?"

வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தைக் கணக்கிட்டு மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த ஒரு வரி மதிப்பெண் சான்றிதழ், வேலை, ஓய்வூதியம் என்று வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது.

உங்கள் வேலையும் மற்ற ஆவணங்களும் அந்தத் தேதியின் மேல் நிற்கின்றன என்றால், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. உண்மைத் தேதி மனத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் இரண்டு தேதிகளோடு வாழ்வது பெருந்துன்பம். அரசுப் பணியாளர் பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள்தான் பிறந்த தேதித் திருத்தம் கோர முடியும். ஓய்வு பெறும் வேளையில் நினைவுக்கு வரும் உண்மைத் தேதியை அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஐயத்தோடுதான் பார்க்கும்.

பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் இன்றே பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் சரிபார்க்கச் சொல்லும்போது, பிறப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அச்சாகிவிட்ட பிறகு திருத்துவது மிகக் கடினம்.

"ஜாதகம் பக்காவா இருக்கு. நாழிகை விநாழிகை வரைக்கும் எழுதியிருக்கு. செல்லாதா?"

தனியாகச் செல்லாது. வயதை மெய்ப்பிப்பதற்கு ஜாதகம் மிகவும் வலுக்குறைந்த ஆதாரம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு நேரம் சொன்னவர் யார் என்பவை மெய்ப்பிக்கப்பட வேண்டும். பெரும்பாலும் அவர்களில் ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டார்.

ஆனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். தேடுவதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. 'ஜய வருடம் ஐப்பசி' என்று இருந்தால் அது 1954 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை என்று உடனே தெரிந்துவிடும். பதிவேட்டில் ஒரு மாதத்தை மட்டும் புரட்டினால் போதும். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"எங்க அம்மா பள்ளிக்கூடமே போனதில்ல. முதியோர் பென்ஷனுக்கு வயசு கேக்கறாங்க. என்ன காட்டறது?"

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். துல்லியமான நாள் தெரியாவிட்டாலும், அறுபதைக் கடந்துவிட்டார் என்று காட்டினால் போதுமென்பது இங்கே நமக்குள்ள ஆறுதல்.

பழைய வாக்காளர் அட்டையைத் தேடி எடுங்கள். அதில் பிறந்த தேதி இருக்காது, '1.1.1995 அன்று வயது 38' என்பதுபோல் இருக்கும். அப்படியானால் அவர் 1956 ஜனவரி 2-க்கும் 1957 ஜனவரி 1-க்கும் இடையில் பிறந்தவர் என்று கணக்காகிறது. அடுத்து, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்று. மூத்த மகன் 1968-இல் பிறந்தவர் என்று அதில் இருந்தால், தாய்க்கு இன்று அறுபதுக்குக் குறைவாக இருக்க வழியே இல்லை. இந்த இரண்டும் பல தாய்மார்களுக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

நினைவுகளையும் கேட்டு எழுதுங்கள். பாகூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் தம் வயதைச் சொல்லத் தெரியாமல் வெகுநேரம் விழித்தார். "பாண்டியில் கொடி மாறினது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். உடனே முகம் மலர்ந்து, "ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னு பார்த்தேனே, மிட்டாய் குடுத்தாங்க" என்றார். 1954-இல் ஆட்டுக்குட்டியைச் சுமக்கும் வயது என்றால் ஏழெட்டுக்குக் குறையாது. நினைவு ஆவணம் ஆகாதுதான். ஆனால் எந்த ஆண்டுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

"டாக்டர்கிட்ட எலும்பை எக்ஸ்ரே எடுத்தா கரெக்டா வயசு சொல்லிடுவாங்களாமே?"

வளர்கிற வயதில் மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு முதலிய இடங்களில் எலும்பு முனைகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வரும். எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்பதைப் பார்த்து மருத்துவர் வயதை மதிப்பிடுகிறார். இதில் இரண்டு ஆண்டுகள் முன்பின்னாகலாம் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. இருபதுகளின் நடுவில் எல்லாம் ஒட்டி முடிந்துவிடுவதால், அறுபதா அறுபத்தைந்தா என்பதற்கு இந்தச் சோதனை உதவாது.

வைப்புநிதிக்கு வேறு ஆவணம் எதுவுமே இல்லாதவர்களுக்கு, அரசு சிவில் சர்ஜன் பரிசோதித்துத் தரும் சான்றும் நீதிமன்றத்தில் உறுதி செய்யப்பட்ட பிரமாணப் பத்திரமும் சேர்ந்தால் ஏற்கும் வழி உண்டு. அது கடைசி வழி. மேலே சொன்ன தேடலை முடிக்காமல் அதற்குப் போகாதீர்கள்.

"என் பையனுக்குப் பதினேழுதான் ஆவுது. போலீஸ்ல பெரிய ஆள்னு எழுதிட்டாங்க. எப்படிக் காட்டறது?"

இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புச் சோதனை. சோதனைக்கு ஆணையிட்டால் 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பையன் ஒன்றாம் வகுப்பு மட்டுமே படித்திருந்தாலும் அந்தப் பள்ளிக்கே போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கி வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.

"பிறப்புச் சான்று இல்லைன்னு புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேங்கறாங்க."

மறுக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கலாகாது என்கிறது. மருத்துவமனை அல்லது செவிலியர் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அவையும் இல்லையெனில் பெற்றோரின் உறுதிமொழி ஏற்கப்படும். இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பெற்றோர் ஒரு சொல்லில் மனமுடைந்து திரும்பிவிடுகிறார்கள். உறுதிமொழியை எழுத்தில் கொடுத்து ஒப்புகை கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஆனால் அந்த உறுதிமொழியில் எழுதும் தேதியை நன்றாகக் கேட்டறிந்து எழுதுங்கள். பிள்ளைக்கு அதுதான் முதல் தாள்.

"பாஸ்போர்ட்டுக்கு பர்த் சர்டிபிகேட் கட்டாயம்னு ஏஜெண்ட் சொல்றாரு. நான் 1991-ல பொறந்தவன்."

அது பழைய விதி. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது. 2016 டிசம்பரில் தளர்த்தப்பட்டது. 2025-இல் வந்த திருத்தமும் 2023 அக்டோபர் 1 அன்றோ பின்னரோ பிறந்தவர்களுக்கே அதைக் கட்டாயமாக்குகிறது. உங்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும்.

"சுனாமியில எல்லாம் போயிடுச்சு. தானே புயல்ல மிச்சமும் போயிடுச்சு."

தேவனாம்பட்டினத்திலிருந்தும் கிள்ளைப் பக்கமிருந்தும் இதைக் கேட்காத ஆண்டில்லை. உங்கள் கையிலிருந்த தாள் போயிற்று. அலுவலகத்தில் இருக்கும் பதிவு போகவில்லை. பிறப்புச் சான்றை மீண்டும் நகலாகப் பெறலாம், பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், மதிப்பெண் சான்றிதழுக்கு இரண்டாம் படி உண்டு. தாமதப் பதிவு மனு இதற்குத் தேவையே இல்லை.

"ஐயாயிரம் கொடுத்தா ஒரு வாரத்துல சர்டிபிகேட் கையில தரேன்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கிடலாமா?"

வேண்டாம். பதிவேட்டில் வரி இல்லாமல் அச்சான தாள் போலித் தாள். இன்றைய சான்றுகளை அலுவலகங்கள் கணினியிலேயே சரிபார்த்துவிடுகின்றன. பணம் வாங்கியவர் அப்போது இருக்க மாட்டார். தாளை அலுவலகத்தில் கொடுத்தவர் என்ற முறையில் வழக்கு உங்கள் மேல்தான் வரும். நோட்டரி பிரமாணப் பத்திரம் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் சொன்னதை நீங்களே உறுதி செய்யும் தாள். மற்ற ஆவணங்களோடு சேர்ந்தால் உதவும், தனியாக வயதை மெய்ப்பிக்காது.

"ஆதார்ல ஒண்ணு, டி.சி.யில ஒண்ணு, பான் கார்டுல ஒண்ணு. எதை முதல்ல மாத்தறது?"

வேரிலிருந்து தொடங்குங்கள். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் வேர். ஆதார், பான், வங்கி, வைப்புநிதி ஆகியவை கிளைகள். வேரில் எது நிலையானது என்று முடிவு செய்த பின் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் எளிதாக மாற்ற முடியும். அவசரத்தில் தவறான தேதியைக் கொடுத்து அந்த ஒரு வாய்ப்பை இழந்துவிட்டு வந்தவர்களுக்கு உதவுவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. ஆதார் சரியான பின் பான், அதன்பின் மற்றவை.

"கோட்டாட்சியர் ஆணை வாங்கிப் புது சர்டிபிகேட் எடுத்து, பள்ளிக்கூடத் தேதியை மாத்திக்கலாமா?"

இந்த எண்ணத்தோடு வருபவர்களுக்கு நான் மனு எழுதுவதில்லை. நாற்பது வயதில் பதியும் பிறப்பு, பழைய ஆவணங்களைக் கொண்டே பதியப்படுகிறது. மேலே பள்ளிப் பதிவேட்டைப் பற்றிச் சொன்ன அளவுகோல் இங்கும் பொருந்தும்: பிந்தி எழுதியதும் பயன் கருதி எழுதியதும் முந்தைய பதிவை எளிதில் வெல்லாது. பள்ளித் தேதிக்கு மாறான தேதியை மனுவில் எழுதினால் விசாரணையிலேயே அந்த முரண் வெளிப்படும்.

"எங்க ஊர்ப் பதிவேட்டுல அந்தப் பக்கமே செல்லரிச்சுப் போச்சாம். அவ்வளவுதானா?"

இல்லை. "பதிவு இல்லை" என்பதும் "பக்கம் சிதைந்துள்ளது" என்பதும் வேறு வேறு. பக்கம் சிதைந்திருப்பதாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் தாமதப் பதிவு மனுவுக்கு வலு சேர்க்கும். ஊரிலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பிய நகலும் இருக்கக்கூடும், அதையும் கேளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணிக்காக அப்படிக் கேட்டோம். ஊர்ப் பதிவேட்டில் அவருடைய வரியில் தேதி அரித்துப் போயிருந்தது. "பெண்" என்ற சொல்லும் தகப்பனார் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. மூன்றாவது முறை போனபோது நகல் கட்டு கிடைத்தது. தேதியைப் படித்துச் சொன்னதும், "புரட்டாசியா? அம்மா புரட்டாசின்னுதான் சொல்லும்" என்றார். பள்ளிச் சான்றில் ஜூன் என்று இருந்தது. ஆண்டு இரண்டிலும் ஒன்றே. பென்ஷனுக்கு அது போதுமாக இருந்தது. தேதியை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு, நகலை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.